முள் இறங்காத வண்டி

பெட்ரோல் முள் இறங்கியிருந்தது.

சேர்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணாடி சுத்தமானதில் முள் இன்னும் தெளிவாக இறங்கித் தெரிந்தது. அடிக்கோட்டுக்குச் சற்று மேலே. வண்டியை அணைத்துவிட்டு மறுபடி உயிர்ப்பித்தார். திரையில் பச்சை இலை ஒன்று விரிந்து காலை வணக்கம் சொன்னது. பேட்டரி நிறைய மின்சாரம் இருக்கிறது என்றது. அதற்குப் பக்கத்தில், கைவரிசையைக் காட்டிவிட்டு ஒன்றும் அறியாத பிள்ளைபோல், முள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. முன்பெல்லாம் கொஞ்சம் இறங்கும், சில நாளில் தானே பழைய இடத்துக்கு ஏறிவிடும். குளிருக்குப் பெட்ரோல் சுருங்கும், வெயிலுக்கு விரியும் என்று அதற்கு அவர் விளக்கம் வைத்திருந்தார். இப்போது வாரக்கணக்கில் வெயில் கொளுத்துகிறது. முள்ளோ இறங்குகிறதே தவிர விரிகிற வழியைக் காணோம்.

அவர் எந்தச் சங்கத்துக்கும் கழகத்துக்கும் சேர்மன் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பயிற்சிப் பிரிவில் இருந்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் தண்ணீர் குடித்தால் சபை உருகும் என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பது வேலை. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிற பழக்கம் இருந்ததால் ஆபீசில் யாரோ கேலியாக வைத்த பெயர் அது. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். வைத்தவனுக்கே அப்புறம் சலித்துவிட்டது, பெயர் மட்டும் தெருவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

வண்டி வாங்கியதிலிருந்து அந்தப் பெயருக்கு ஒரு பொருள் வந்துவிட்டதாக அவருக்கே தோன்றியது. கரண்டிலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். சேர்மன் அதில் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெட்ரோல் என்பது டிக்கியில் கிடக்கிற உபரிச் சக்கரம் மாதிரி, ஆத்திர அவசரத்துக்கு. மானமுள்ளவன் அதைத் தொடமாட்டான் என்பது அவர் கட்சி. துணி துவைக்கிற இடத்திலிருந்த பிளக்கில் கேபிளை மாட்டி, பின்வாசல் வழியாக இழுத்து, பூந்தொட்டிகளைச் சுற்றிக் கொண்டுபோய் வண்டியில் செருகுவார். கேபிளின் நடுவிலிருந்த பெட்டியில் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் கையைப் பிடித்து அழைத்துப்போய், "பாருங்க, துடிக்குது" என்று காட்டுவார். வந்தவர்கள் ஆஸ்பத்திரியில் நிற்பதுபோல் மௌனமாக நிற்பார்கள்.

தனி ஒயர் இழுத்துத் தரமான பெட்டி ஒன்றைச் சுவரில் பொருத்திக்கொள்ளும்படி எலக்ட்ரீஷியன் சொல்லிப் பார்த்தார். சேர்மன் அவருக்கே எளிமையைப் பற்றி ஒரு சொற்பொழிவு நடத்தி அனுப்பினார். விளைவு, வண்டியும் வாஷிங்மெஷினும் ஒரே நேரத்தில் ஓடினால் வீடே இருட்டாகிவிடும். ஆகவே வண்டி குடிக்கிற நேரத்தில் துணி ஊறிக்கொண்டு காத்திருக்கும், இஸ்திரிப்பெட்டி தலைகுப்புறக் கிடக்கும், வெந்நீர் என்ற பேச்சே கிடையாது. அவர் மனைவி பின்வாசலில் நின்று, "என்னங்க, உங்க ஆள் சாப்பிட்டாச்சா? நாங்க துவைக்கலாமா?" என்று கேட்பாள். மனைவி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறையில் மயக்க மருந்துப் பிரிவில் வேலை பார்த்தாள். எந்த உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்தே சொல்லிவிடுவாள். பகலில் வண்டி அவள் கையில். மாலையில் கொண்டுவந்து நிறுத்துவாள், அவர் கேபிளை எடுத்துக்கொண்டு எதிரே வருவார்.

அந்தக் கேபிள்தான் போன மாதம் அவள் காலை வாரியது. ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அதில் தடுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பு விரிசல் விட்டுப்போனது. சேர்மன் பதறி ஓடிவந்தார். கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு பார்வை பார்த்த பிறகே அவளைத் தூக்கினார் என்பதை அவள் மறக்கவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் கட்டுப்போட்ட காலோடு சேர்த்து அதையும் சொன்னாள். அதிலிருந்து அவள் சோபாவில், கால் மோடாவில். வண்டி அவர் ஒருவர் கையில்.

முள் இறங்க ஆரம்பித்ததும் அப்போதிலிருந்துதான். ஆனால் அந்த இரண்டையும் ஒன்றாக நிறுத்திப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் யோசனை வேறு பக்கம் போனது. முள் இறங்கினால் பெட்ரோல் போயிருக்க வேண்டும். வண்டி குடிக்கவில்லை, அது சைவம். அப்படியென்றால் யாரோ உறிஞ்சுகிறார்கள்.

யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் புல்வெட்டும் மெஷின் இருந்தது. மெஷின் என்றால் பெட்ரோல். பல் பிடுங்குகிறவனுக்கு டேங்கில் குழாய் விட்டு உறிஞ்சுவது எவ்வளவு பெரிய காரியம் என்று சேர்மன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பல் டாக்டர் தோட்டத்தில்தான் இருந்தார். சேர்மன் நேரே விஷயத்துக்கு வரவில்லை. அவர் பாடத்தில் அது தவறு. புல்லைப் பற்றி இரண்டு வார்த்தை, அயலார் உறவைப் பற்றி இரண்டு வார்த்தை, நம்பிக்கை என்ற சொல்லில் ஒரு நீண்ட நிறுத்தம்.

"நம்பிக்கை..." என்று நிறுத்தினார்.

"சொல்லுங்க சேர்மன் சார், பல் ஆடுதா?" என்றார் டாக்டர்.

"ஆடறது பல் இல்ல டாக்டர். உங்க மெஷினுக்குப் பெட்ரோல் எங்கேர்ந்து வருது?"

"பெட்ரோலா? அந்த மெஷினை வித்துத் தொலைச்சாச்சே! நீங்கதான அன்னிக்குத் தெருக் கூட்டத்துல பெட்ரோல் வாசனை நம்ம வெட்கத்தோட வாசனைன்னு பேசினீங்க? எங்க வீட்டம்மா கண்ணு கலங்கிட்டா. மறுநாளே கரண்ட் மெஷின் வந்துருச்சு." டாக்டர் சுவரோரம் காட்டினார். ஆரஞ்சு நிற மெஷின் ஒன்று ஒயரின் நுனியில் கட்டிப்போட்ட ஆடுபோல் நின்றது. "என்ன, ஒயர்தான் எட்டலை. அங்க பாருங்க."

ஒயர் எட்டிய இடம்வரை புல் வழித்தெடுத்த முகம்போல் இருந்தது. அதற்கப்பால், தோட்டத்தின் பின்பாதி, இடுப்புயரம் வளர்ந்து காற்றில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. சேர்மனுக்கு அந்தப் பின்பாதியைப் பார்க்க என்னவோ போலிருந்தது. ஏன் என்று தெரியவில்லை. "நீளமான ஒயர் வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அடுத்து வண்டியை எடுத்துக்கொண்டுபோன சர்வீஸ் சென்டரில் வரவேற்பிலிருந்த பெண் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டாள். "ரெண்டும் சேந்துதான் சார் ஓடும். மேடு, வேகம், பேட்டரி தீர்றது, சில சமயம் ரொம்பக் குளிர்... தானா எஞ்சின் எடுத்துக்கும். அதான் இந்த வண்டியோட அழகே."

"யாரைக் கேட்டு எடுத்துக்கும்?"

"யாரையும் கேக்காது சார்."

"என் வண்டியில அப்படி எடுத்துக்கிட்டதே இல்லையே. வாங்கினதுலேர்ந்து முள் அசையலை. நான் நாலு மேடையில பேசியிருக்கேன்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவளுக்கும் குழப்பமாகிவிட்டது. பெட்ரோல் செலவாகவே இல்லை என்று எழுதுவதா, செலவாகிறது என்று எழுதுவதா, இரண்டில் எது புகார் என்று தெரியாமல், "வண்டியைக் கழுவித் தரட்டுமா சார்?" என்றாள்.

கழுவிய வண்டியில் திரும்பி வரும்போது மேம்பால ஏற்றத்தில் வழக்கமான அந்த மெல்லிய உறுமல் கேட்டது. வழக்கம்போல் அவர் உதடு தானாகவே, "பேட்டரியைக் குளிர்விக்கிற விசிறி" என்று முணுமுணுத்தது. வண்டிக்குள் வேறு யாரும் இல்லை. யாருக்குச் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டே பாலத்திலிருந்து இறங்கினார். உறுமல் நின்றது. அது நின்றது நல்லதா கெட்டதா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. தம்பி. தம்பிக்குச் சொந்தமாக ஒரு பழைய வேனும் ஐஸ் பெட்டிகளும் உண்டு. சின்ன ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் எடுக்கிற ரத்தத்தையும் மற்றதையும் வாங்கி, நகரத்துப் பெரிய லேபுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவன் பிழைப்பு. மலைக்கு அந்தப் பக்கம்வரை போவான். சொன்ன நேரத்துக்குள் பெட்டி வரவில்லை என்றால் ரத்தம் வீண், அப்படி இரண்டு தடவை வீணானால் ஒப்பந்தம் இன்னொருத்தனுக்கு. அண்ணன் படித்தவன் என்று சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஒரு மலைப்பு. அண்ணன் வண்டியில் அவன் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எப்போது வந்தாலும் தன் வேனில் வந்து, தன் வேனில் ஓடிவிடுவான்.

"அண்ணே! வேனைப் பேசி முடிச்சாச்சு. நாளைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கிறாங்க" என்றான். சேர்மன் எப்போதும்போல் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வீடு முழுக்கக் கேட்டது. "புது வண்டி பாத்துட்டேன். சுத்த எலக்ட்ரிக். உன்னுதாவது பேருக்குப் பெட்ரோலை வச்சுக்கிட்டிருக்கு, இதுல அந்த டேங்கே கிடையாது. நீதான் வந்து முதல்ல உக்காரணும்."

"நல்லதுடா" என்றார் சேர்மன். குரலில் வழக்கமான கனம் இருந்தது.

"எல்லாரும் பயமுறுத்தினாங்கண்ணே. மலை ஏறாது, பாதியில நிக்கும், நடுவுல சார்ஜ் போட ஒரு இடம் இல்லன்னு. எங்கண்ணனும் அண்ணியும் அதே ரோட்டுல போயிட்டு வந்தாங்கடா, முள்ளு அசையலை, போங்கடான்னுட்டேன்."

போன் அடங்கியதும் சோபாவிலிருந்து குரல் வந்தது. "தம்பி என்ன வாங்குறார்?"

"கேட்டேயில்ல. எலக்ட்ரிக். ஒரு ஆள் பேச்சு இன்னொரு ஆளை எப்படி மாத்துது பாரு."

மனைவி டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு அணைத்தாள். மோடாவிலிருந்து கட்டுப்போட்ட காலைத் தரையில் இறக்கி வைத்தாள். ஏதோ எழுந்து நின்று சொல்லவேண்டிய விஷயம்போல.

"பெட்ரோல் நான்தாங்க போட்டேன்."

"எதுல?"

"எதுல போடுவாங்க? வண்டியிலதான்."

"எந்த வண்டியில?"

"நம்ம வீட்டுல எத்தனை நிக்குது?"

சேர்மன் உட்கார்ந்தார். நடு நாற்காலி இல்லை, ஓரத்தில் கிடந்த முக்காலி. "எப்போ?"

"எப்பவும்தான். ஆஸ்பத்திரி பக்கத்துலயே பங்க் இருக்குல்ல. கொஞ்சம் இறங்கினா வர்ற வழியில விட்டுக்குவேன். இப்பக் காலை ஒடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், யார் போடறது?"

"இரு, இரு." அவர் மூன்று விரலை மடக்கினார். எதையும் மூன்றாகப் பிரித்தால் அடங்கிவிடும் என்பது அவர் வகுப்பின் முதல் பாடம். ஆனால் முதல் விரலுக்கே விஷயம் கிடைக்கவில்லை. "அப்போ மலைக்கு அந்தப் பக்கம் உங்கக்கா வீட்டுக்குப் போனோமே? இறக்கத்துல தானே சார்ஜ் ஏறிக்கிச்சே?"

"ஏறியிருக்கும். பாதி வழியில நீங்க சாப்பிட்டுக் கை கழுவப் போனீங்க. நான் எதிர்ல பங்க்ல நிறைச்சிட்டு வந்தேன். ஏசி போட்டு வண்டிய திருப்பி வச்சிருக்கேன்னேன், கெட்டிக்காரின்னு சொன்னீங்க."

"திரும்பி வரும்போது நாம சாப்பிடவே நிக்கலையே!"

"சாப்பிட நிக்கலை. வேற எதுக்கெல்லாம் நின்னோம்? உங்களுக்குச் சர்க்கரை. வழியில மரம் இல்லாத இடமே உங்களுக்கு ஆகாது. நீங்க மரத்தைத் தேடிப் போன ஒரு இடத்துல பக்கத்துலயே பங்க் இருந்துச்சு."

தெருக் கூட்டம், ஆபீஸ் கூட்டம், பள்ளிக்கூடத்து ஆண்டு விழா எல்லாம் வரிசையாக வந்து அவர் எதிரே உட்கார்ந்தன. எல்லோரும் அவருடைய நிறுத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். முள்... அசையவில்லை. அங்கே கைத்தட்டல் வரும். தவறாமல் வரும்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

மனைவி கட்டுப்போட்ட காலை மறுபடி மோடாவில் தூக்கி வைத்தாள். வண்டி வாங்கிய அந்த மாதம்தான் பயிற்சிப் பிரிவின் தலைமை நாற்காலி காலியானது. அதில் அவர்தான் உட்காரப்போகிறார் என்று காவலாளிவரை தெரியும். கடைசியில் அது, எங்கே நிறுத்தவேண்டும் என்று அவரிடம் கற்றுக்கொண்ட ஒருவனுக்குப் போனது. சேர்மன் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத சேர்மனை அவள் அதுவரை பார்த்ததில்லை. பல நாள் அப்படியே கிடந்தார்.

"அந்தச் சமயம் முள்ளு பாதிக்கு வந்திருந்துச்சு" என்றாள். "உங்ககிட்ட சொல்லாம போட்டுட்டு வந்தேன். வேற ஒண்ணும் நினைக்கலை. மறுநாள் நீங்க வண்டியில உக்காந்துட்டு உள்ள ஓடி வந்தீங்க. இங்க பாரு, முள்ளு ஏறியிருக்கு, கரண்ட்லயே ஓடியிருக்கு, பெட்ரோல் விரிஞ்சிருக்குன்னு என்னென்னமோ சொன்னீங்க. அன்னிக்குப் பாட்டுப் பாடிக்கிட்டே பல்லு தேய்ச்சீங்க. அதைப் போயி எப்படிக் கெடுக்கிறது? அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அடுத்த வாரம் நீங்க மேடை ஏறிட்டீங்க."

"நீ எனக்கு மயக்க ஊசி போட்டிருக்கே."

"போட்டேன்தான். உங்களுக்குன்னு நினைச்சுப் போட்டேன். தம்பிக்கும் ஏறும்னு எனக்கென்ன தெரியும்? அவருக்கு அந்த ரோடுதாங்க சோறு. நீங்க சொல்றீங்களா, நான் போன் பண்ணவா?"

"நானே சொல்றேன்" என்றார் சேர்மன். ஒரு கனத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டவர்போல் கழுத்து கொஞ்சம் உள்ளே போனது.

அன்றைக்குக் கேபிள் வளையமாகச் சுவரில் தொங்கியது. மனைவி நொண்டிக்கொண்டே போய் வாஷிங்மெஷினை ஓட்டினாள். கையோடு இஸ்திரியும் போட்டாள். வீடு இருட்டாகவில்லை. சேர்மன் குளியலறைக் கண்ணாடி முன் நின்று பேச்சைத் தயாரித்தார். கெட்ட செய்தியைப் புன்னகையோடு ஆரம்பிக்கவேண்டும் என்பது அவர் வகுப்பில் ஏழாம் பாடமோ எட்டாம் பாடமோ. புன்னகைத்துப் பார்த்தார். கடன் கேட்க வந்தவன் முகம்போல் இருந்தது. "தம்பி, நேர்மை என்பது..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் எங்கே நிறுத்துவது என்று நன்றாகத் தெரிந்தது, என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை தம்பி வந்தான். வேனைக் கடைசியாகக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்திருந்தான். அண்ணியின் காலை விசாரித்தான், ஒரு பிஸ்கட்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டான். "எதுக்குண்ணே அவசரமா வரச்சொன்ன? போன்லயே சொல்லியிருக்கலாமே." அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேர்மன் தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். புன்னகைத்தார்.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

"வா, வண்டியில ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்றார்.

தம்பி கோவிலுக்குள் நுழைபவன்போல் செருப்பின் மண்ணைத் தட்டிவிட்டு ஏறினான். சீட்டைத் தடவினான். பச்சை இலை விரிந்ததும், "அடடா" என்றான். பேட்டரியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று இலைக்குக் கீழே எழுதியிருந்ததை அவன் பார்க்கவில்லை. தெருமுனைவரை வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. பல் டாக்டர் தோட்டத்திலிருந்து கையசைத்தார். "வெண்ணெய்யில போற மாதிரி இருக்குண்ணே! நாளையிலேர்ந்து நானும் இப்படித்தான். பெட்டியில ரத்தம் குலுங்கவே குலுங்காது."

நகரத்துக்கு வெளியே ரோடு மேல்நோக்கித் திரும்புகிற இடத்தில் அது கேட்டது. முதலில் ஒரு சின்ன உதறல். அப்புறம் கால்களுக்கு அடியிலிருந்து நிதானமான உறுமல். தம்பி பேச்சை நிறுத்தினான். தலையைச் சாய்த்தான். பாதி வாழ்க்கை வேன் ஓட்டியவன் காது அது. கையை நீட்டி முன்பலகைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"அண்ணே, எஞ்சின் ஓடுது."

"அது பேட்டரியைக் குளிர்விக்கிற..." என்று சேர்மனின் உதடு ஓடிவிட்டது. அவர் அதைப் பிடித்து நிறுத்தினார். வாழ்க்கையில் எத்தனையோ இடங்களில் நிறுத்தியிருக்கிறார், இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. "எஞ்சின்தாண்டா."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமேதான் போல."

"போலவா?"

"எனக்கே நேத்துதான் தெரியும்."

தம்பி சிரித்தான். அண்ணன் ஏதோ வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்தான். அண்ணன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ மலைக்கு அந்தப் பக்கம் போனது?"

"போனது நிஜம். வந்தது நிஜம். அண்ணி பெட்ரோல் போட்டிருக்கா. எனக்குத் தெரியாம."

"ஒரு வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு உனக்குத் தெரியாமலா?"

நேற்றிலிருந்து அவரே அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொன்னால் முட்டாள், தெரியும் என்று சொன்னால் பொய்யன். இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் தெரிந்தும் தெரியாமலும், விசிறி விசிறி என்று முணுமுணுத்துக்கொண்டு ஓர் ஆள் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தாரே, அவருக்கு என்ன பெயர் வைப்பது?

"சாயங்காலம் வேனைக் குடுத்துடாதே" என்றார்.

"சரின்னு வாக்கு குடுத்தாச்சே. புது வண்டி விக்கிறவங்களும் எனக்காக வேற ஆளுக்கு இல்லன்னு சொல்லிட்டாங்க." தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "நடுக்காட்டுல நின்னு சார்ஜ் போட்டுக்கிட்டிருந்தா பெட்டியில ஐஸ் நிக்குமாண்ணே? யாரோ ஒரு அம்மா காலையில வெறும் வயித்துல வந்து கைய நீட்டியிருக்கும். அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

சேர்மன் வேகத்தைக் குறைத்தார். அப்போது திரையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. முள் அடிமட்டத்தைத் தொட்டிருந்தது. வண்டி பொறுமையாக ஒருமுறை மணி அடித்தது. இந்த மணியை அவர் முன்பு கேட்டதில்லை.

வளைவைத் தாண்டி ஒரு பங்க் இருந்தது. உள்ளே திருப்பினார். முன்னால் லாரி ஒன்று கிளம்ப, அந்த இடத்தில் போய் நின்றார். பெட்ரோல் போடுகிறவர் குழாயை எடுத்துக்கொண்டு வந்து, வண்டியைப் பார்த்து நின்றார். "சார், மூடி அந்தப் பக்கமா இந்தப் பக்கமா?"

சேர்மன் தம்பியைப் பார்த்தார். தம்பி சேர்மனைப் பார்த்தான்.

"இந்தப் பக்கம்" என்றார் கனமாக. பெட்ரோல்காரர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது சார்ஜ் போடுறது சார்" என்றார். சேர்மன் வண்டியை வெளியே எடுத்து, ஒரு வட்டமடித்து, மறுபக்கத்தைக் காட்டி நிறுத்தினார். பின்னால் இரண்டு கார் வந்து நின்றுவிட்டது. மூடி பூட்டியிருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினார், கண்ணாடி துடைப்பான் வறட்டுக் கண்ணாடியைக் கீச்சென்று தேய்த்தது. இன்னொன்றை அழுத்தினார், டிக்கி மெதுவாகத் திறந்துகொண்டு உயர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். தம்பி இறங்கிப்போய் டிக்கியைச் சாத்தினான். அப்புறம் அண்ணன் பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான். சின்ன வயதில் கட்டிலுக்கடியில் உருண்டுபோன அண்ணனின் பேனாவை அப்படித்தான் எடுத்துத் தருவான். முகம் சேர்மனின் முழங்கால் பக்கம் இருந்தது, தெரியவில்லை.

"வேன் வாங்க வர்ற ஆளுக்கு நான் என்ன சொல்லட்டும்ணே?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"என் நம்பரைக் குடு. நான் பேசறேன்."

"நீ பேசறேங்கற" என்றான் தம்பி. அதைக் கேள்வியாகச் சொன்னானா, ஒப்புக்கொண்டு சொன்னானா, சேர்மனுக்குப் புரியவில்லை.

ஏதோ கிளிக்கென்றது. திரையில் இலை மறைந்து, ஒரே ஒரு வரி வந்தது. டேங்கில் அழுத்தம் இறங்குகிறது, காத்திருக்கவும். டேங்கில் அடைபட்ட காற்று வெளியேறும்வரை மூடி திறக்காது போலிருந்தது. சேர்மன் இறங்கிப் பின்னால் போனார். தம்பியும் முழங்காலைத் தட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான். பெட்ரோல்காரர் குழாயை நீட்டிப் பிடித்தபடி நின்றார். ஹாரன் அடித்துச் சலித்த பின்வண்டிக்காரர் என்னதான் நடக்கிறது என்று கழுத்தை வெளியே நீட்டினார். வண்டியின் உள்ளே எங்கோ, நீண்ட நேரம் அடக்கிவைத்த மூச்சு ஒன்று, விட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருந்தது. எல்லோரும் அந்தச் சின்ன வட்ட மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.